ஒன்றுக்கும் உதவாத பூண்டும் நம்ம கொழுந்தும்



போன மாதம் ஒரு தோட்டத்துக்குப் பிள்ளைக் காப்பக வேலையாகப் போயிருந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால் ஒரு லயத்து இஸ்தோப்பில் ஒதுங்க வேண்டியதாயிற்று. உள்ளே காம்பராவில் உயர்தரம் படிக்கிற பிள்ளையொன்று உயிரியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் புல்லு வெட்டு. படங்கை உதறிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள இது, பூண்டு படம்?"

"அரபிடொப்சிஸ்னு ஒரு செடிம்மா. உலகத்துல ரொம்பக் கூடுதலா ஆராய்ச்சி பண்ணுன செடியாம்."

"திங்கிற கீரையா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"மருந்தா?"

"அதுவும் இல்லையாம்."

"அப்ப, நாங்க காலையிலருந்து இந்த மாதிரிப் பூண்டத்தான் சுரண்டிப் போட்டுட்டு வாறோம். அங்க அதுக்கு ஒரு படிப்பா?"

பிள்ளை சிரித்துவிட்டு எங்களைப் பார்த்தது. எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. மழை விடுகிற வரைக்கும் தெரிந்ததைச் சொன்னோம். ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி. நாள் முழுக்கக் களை பிடுங்குகிற ஒருவர் கேட்டால் அதற்குச் சரியான பதில் சொல்லத்தான் வேண்டும். ஆகவே திரும்பி வந்து படித்துப் பார்த்து, இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் செடியைப் பார்ப்போம். இதன் சொந்த இடம் ஐரோப்பா, ஆசியாவின் சில பகுதிகள், ஆபிரிக்காவின் மலைப் பிரதேசங்கள். ரோட்டோரம், மதில் இடுக்கு, மணல் பாங்கான வயல், ரெயில் பாதையோரம் என்று யாரும் கவனிக்காத இடத்தில் முளைக்கும். உயரம் ஒரு சாண் வரும், சில வேளை அதற்குக் கொஞ்சம் கூட. இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படுத்திருக்கும். நடுவிலிருந்து நூல் போல ஒரு தண்டு எழும்பி, அதன் நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் பூக்கும். ஒரு பூ ஒரு மிளகு அளவுகூட வராது. விதையோ அதைவிட மோசம், அரை மில்லிமீற்றர்தான். உள்ளங்கையில் வைத்தால் தூசு என்று ஊதிவிடுவோம்.

இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து ஆட்களை நமக்கு நன்றாகத் தெரியும்: கடுகு, கோவா, நோக்கோல், ராபு. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் பாதிப்பேர் இந்தச் சொந்தக்காரர்தான். குடும்ப அடையாளம் பூவில் இருக்கிறது. ராபுவைப் பிடுங்காமல் விட்டுவிட்டால் தண்டு எழும்பிப் பூக்கும் அல்லவா, அந்தப் பூவைப் பாருங்கள். நாலு இதழ் சிலுவை மாதிரி விரிந்திருக்கும். உள்ளே மகரந்தம் வைத்த ஆறு காம்புகள், நாலு நீளம், இரண்டு கட்டை. கடுகுப் பூவிலும் அதே கணக்கு. நாம் பேசுகிற சின்னப் பூண்டிலும் அதே கணக்கு.

ஜேர்மனியில் ஹார்ட்ஸ் மலைப் பக்கம் நோர்ட்ஹவுசன் என்ற ஊரில் யொஹான்னஸ் தால் என்றொரு டொக்டர் இருந்தார். மலையில் கிடைக்கிற செடிகளையெல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு. இந்தப் பூண்டையும் எழுதி வைத்தார். 1583-இல் அவர் இறந்துவிட்டார். புத்தகம் 1588-இல்தான் அச்சில் வந்தது. பிறகு 1753-இல் லின்னேயஸ் என்ற பெரிய தாவரவியலாளர் அந்த டொக்டரின் நினைவாகச் செடிக்கு 'தாலியானா' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு முழுப் பெயர் அரபிடொப்சிஸ் தாலியானா. அதற்குப் பிறகு 150 வருஷம் இதைப் பெரிதாக யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? விற்க முடியாது, தின்ன முடியாது.

1907-இல் பிரீட்ரிக் லைபாக் என்ற ஜேர்மனிய மாணவர் இதன் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினார். நிறமூர்த்தம் என்பது ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் பரம்பரைக் குணங்களைச் சுருட்டி வைத்திருக்கிற நூல் கட்டு. நமக்கு 23 சோடி. தேயிலைக்கு 15 சோடி. இந்தப் பூண்டுக்கு 5 சோடி மட்டும். எண்ணிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-இல், திரும்பவும் இதே செடிக்கு வந்து, செடிகளின் பரம்பரையைப் படிக்க இதுதான் தோதான செடி என்று எழுதினார். அவருடைய மாணவி எர்னா ரைன்ஹோல்ட்ஸ் விதைகளுக்கு எக்ஸ்-கதிர் காட்டி, குணம் மாறிப்போன செடிகளை வளர்த்தெடுத்தார்.

ஏன் இது தோதான செடி என்பதைத் தேயிலையோடு வைத்துப் பார்த்தால் நமக்குச் சுலபமாக விளங்கும்.

ஒரு தேயிலை விதையைப் போட்டால் அது மரமாகிப் பூத்துத் திரும்ப விதை தர வருஷக்கணக்கு ஆகும். ஒரு ஆராய்ச்சியாளர் தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை பார்க்க நினைத்தால் அவருக்கே பென்ஷன் வந்துவிடும். இந்தப் பூண்டு விதையிலிருந்து விதைக்கு ஏறக்குறைய ஆறே வாரம். வருஷத்துக்கு எட்டுத் தலைமுறை பார்க்கலாம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். ஒரு தட்டு ராக்கையில் ஆயிரம் செடி வளர்க்கலாம். வெளிச்சத்துக்கு ஒரு டியூப் லைட் போதும்.

இன்னொரு விசயம் இதைவிட முக்கியம். தேயிலைப் பூ தன் சொந்த மகரந்தத்தை லேசில் ஏற்காது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்று அகல இலை, பக்கத்தில் நிற்பது சின்ன இலை, ஒன்று சீக்கிரம் தளிர்க்கும், ஒன்று மெதுவாக. கொழுந்து எடுக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் நல்ல செடி ஒன்று கிடைத்தால் அதன் விதையை நம்பாமல், ஒரு இலையோடு கணுவை வெட்டித் தவறணையில் பையில் நட்டு, வீ.பீ. தேயிலையாக வளர்க்கிறார்கள். நம்ம பூண்டுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அதன் பூ விரிகிறதற்கு முந்தியே தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அச்சு வார்த்த மாதிரி தாயைப் போலவே இருக்கும். அப்படிப்பட்ட ஆயிரம் செடியில் ஒன்று மட்டும் கோணலாக வளர்ந்தால் அது உடனே கண்ணில் படும். எங்கே கோளாறு என்று தேடிப் போனால், செடியின் உள்வேலை தெரியவரும். பழுதுபட்ட மெசினைக் கழற்றிப் பார்த்தால்தான் எந்தச் சில்லு எதைச் சுற்றுகிறது என்று விளங்குகிற மாதிரி.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தப் பூண்டின் பரம்பரை எழுத்து முழுவதையும் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து படித்து வெளியிட்டார்கள். அப்படிப் படிக்கப்பட்ட முதல் செடி இதுதான். நெல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. ஏறக்குறைய 13 கோடி எழுத்து, அதில் 25,000-க்கு மேல் பரம்பரையலகுகள். தேயிலையின் எழுத்து 2017-இல்தான் முதலில் வெளிவந்தது. அது சுமார் 300 கோடி எழுத்து. அந்தப் பெரிய புத்தகத்தில் ஒரு பரம்பரையலகு என்ன வேலை செய்யும் என்று ஊகிக்கிறபோது, இந்தப் பூண்டில் அதற்கு ஒப்பானது என்ன செய்கிறது என்றுதான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள்.

சரி, இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். கொழுந்துக்கு வருவோம்.

நுனிக் கொழுந்தைக் கிள்ளினால் கீழே இலைக் கக்கத்தில் தூங்குகிற மொட்டு விழித்துக்கொள்ளும். கிள்ளாவிட்டால் தண்டு நேரே ஏறும், பக்கம் தளிர்க்காது. கவ்வாத்து வெட்டிய பிறகு செடி முழுக்கத் தளிர் வருவதும் இதனால்தான். தேயிலைத் தொழில் முழுவதும் இந்த ஒரு சங்கதியின்மேல்தான் நிற்கிறது என்று சொன்னாலும் பிழையில்லை. நம்ம பாட்டிமாருக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். ஆனால் கீழே இருக்கிற மொட்டுக்கு, மேலே நுனி போய்விட்டது என்று யார் சொல்கிறார்கள்? மொட்டுக்குக் கண்ணா இருக்கிறது?

நுனியில் ஒட்சின் என்ற ஒரு ஓமோன் ஊறித் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது என்பது 1930-களிலேயே தெரியவந்தது. அது இறங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் கீழ் மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் வரத்துக் குறைந்து, மொட்டு விழிக்கும். ஆனால் அந்த ஓமோன் உயிரணுவுக்குள் எதைப் பிடித்து வேலை வாங்குகிறது என்பது அதற்குப் பிறகும் எழுபது வருஷம் விளங்காமலே இருந்தது. விஞ்ஞானிகள் இந்தப் பூண்டின் விதைகளை ஆயிரக்கணக்கில் முளைக்க வைத்து, ஒட்சின் சொல்லுக்குக் காது கொடுக்காத செவிட்டுச் செடிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தச் செடிகளில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 2005-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் விடையை வெளியிட்டன. 'டி.ஐ.ஆர்.1' என்ற புரதம்தான் ஒட்சினைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். ஒரு குழு இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மற்றது அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்த இரண்டாவது கட்டுரையை எழுதிய மூவரில் இருவரின் பெயர் நிஹால் தர்மசிரி, சுனேத்ரா தர்மசிரி. நம்ம நாட்டுக் காதுக்கு நல்ல பழக்கமான பெயர்கள். படிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

கதை அதோடு முடியவில்லை. சாதாரணமாகச் சில கிளைகளோடு நிற்கிற இந்தப் பூண்டில், சில செடிகள் புதர் மாதிரி கிளை கிளையாக வெடித்து வளர்ந்தன. அந்தப் புதர்ச் செடியின் தலையை வெட்டி, நல்ல செடியின் வேரில் ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள். நூல் தடிப்பில் இருக்கிற தண்டை ஒட்டுக் கட்டுவதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தவறணையில் வேலை செய்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். ஒட்டுக் கட்டிய செடி ஒழுங்காக வளர்ந்தது. புதராகவில்லை. அப்படியென்றால் 'கிளை விடாதே' என்ற இன்னொரு சேதி வேரிலிருந்தும் மேலே போகிறது. அது என்ன பொருள் என்பதை 2008-இல் பட்டாணி, நெல், இந்தப் பூண்டு ஆகிய மூன்றையும் வைத்து இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. ஸ்ட்ரைகோலக்டோன் என்று அதற்குப் பெயர். நாக்கில் புரளாத பெயர்தான். நுனியிலிருந்து ஒரு ஆள், வேரிலிருந்து ஒரு ஆள், இரண்டு பக்கமும் காவல் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இதே ஒட்சின், இதே மாதிரிப் பிடிக்கிற புரதம் தேயிலையிலும் உண்டு. நீங்கள் ஒரு கொழுந்தைக் கிள்ளுகிறபோது தண்டுக்குள் நடக்கிற காரியம், முதலில் இந்த ஒன்றுக்கும் உதவாத பூண்டில்தான் இவ்வளவு தெளிவாக விளங்கியது. அதற்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லக்கூடாது. தேயிலை மரம், பூண்டு பூண்டுதான். பூண்டில் கண்டதையெல்லாம் தேயிலையில் திரும்பப் பரிசோதித்துப் பார்த்தால்தான் நம்பலாம். அதற்கு வருஷக்கணக்கு ஆகும். இந்த அறிவால் நாளைக்கே கூடையில் ஒரு கிலோ கூடப்போவதில்லை, பேர் போடுகிற கணக்கும் மாறப்போவதில்லை.

அடுத்தது குசினிக் கதை. முழுக் கடுகை வாயில் போட்டு அப்படியே விழுங்கினால் காரம் தெரியாது. அம்மியில் வைத்துத் தண்ணீர் தெளித்து அரைத்தால் மூக்கில் ஏறிக் கண்ணீர் வரும். அச்சாறுக்கு அரைத்தவர்களைக் கேளுங்கள். ஆனால் சூடான எண்ணெயில் போட்டுத் தாளித்த கடுகு அந்த மாதிரி ஏறாது. ஏன்? கடுகுக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறையில் இருக்கின்றன. ஒன்று காரத்தின் மூலப்பொருள், மற்றது அதை உடைத்துக் காரமாக்குகிற நொதியம். நசுங்கி ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கும். சூட்டில் நொதியம் செத்துப்போவதால் தாளித்த கடுகு சாதுவாகிவிடும். செடிக்கு இது சமையல் இல்லை, ஆயுதம். இலையைப் புழு கடித்தால் அந்த இடத்தில் காரம் வெடிக்கும். நம்ம பூண்டும் கோவாவும் இதே ஆயுதத்தைத்தான் வைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் கோவாவைச் சல்லடையாக்குகிற ஒரு பச்சைப் புழு இருக்கிறது. முதுகில் வைர வடிவக் குறி உள்ள சின்ன அந்துப்பூச்சியின் புழு. அதன் வயிற்றில் இருக்கிற ஒரு நொதியம், இரண்டு பொருளும் சேர்ந்து காரமாவதற்கு முந்தியே மூலப்பொருளைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. 2002-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கள்ளன் பூட்டைக் கழற்றவில்லை, பூட்டே போடவிடாமல் செய்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்டால் நம்பக் கஷ்டமாக இருக்கும். புழு இலையைக் கடிக்கிறபோது இலையில் ஒரு மெல்லிய அதிர்வு ஓடும். அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஹைடி அப்பெல், ரெஜினால்ட் கொக்ரொஃப்ட் என்ற இருவர் அந்த அதிர்வைப் பதிவு செய்து, புழுவே இல்லாத செடிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு உண்மையான புழுவை விட்டபோது, அதிர்வை முன்னமே வாங்கிய செடிகள் கூடுதலான காரப் பொருளை உண்டாக்கின. காற்று அசைக்கிற அதிர்வைக் கொடுத்தால் அப்படிச் செய்யவில்லை. கடியும் காற்றும் வேறு என்று செடிக்குத் தெரிகிறது. 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. அதற்கு முந்தி 1990-இல் வேறு இருவர், இந்தப் பூண்டின்மேல் வெறும் தண்ணீரைத் தெளித்தாலே, கையால் தொட்டாலே, அரை மணித்தியாலத்துக்குள் சில பரம்பரையலகுகள் விழித்து வேலை செய்வதைக் கண்டார்கள். தினமும் தொட்டுத் தொட்டு வளர்த்த செடி குள்ளமாகவே நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் கை படுகிற நம்ம தேயிலைச் செடிக்கு என்ன நடக்கிறதோ என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டோம்.

இந்தப் பூண்டு ஆகாயத்துக்கும் போயிருக்கிறது. 1982-இல் சோவியத் நாட்டின் சல்யுட்-7 விண்வெளி நிலையத்தில் பூத்து விதையும் தந்தது. பூமிக்கு வெளியே ஒரு செடி பூத்து விதைத்தது அதுதான் முதல் தடவை. 2022-இல் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில், 1969-இலும் 1972-இலும் அப்பலோ பயணங்களில் சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணை எடுத்து, ஒரு செடிக்கு ஒரு கிராம் கணக்கில் அளந்து இந்த விதையைப் போட்டார்கள். எல்லாம் முளைத்தன. ஆனால் வேர் ஒழுங்காக ஓடவில்லை, செடி கட்டையாகி, சிலது கருஞ்சிவப்பாகிவிட்டன. பக்கத்தில் பூமியின் எரிமலைச் சாம்பலில் நட்டவை இதைவிட நன்றாக வளர்ந்தன. ஐம்பது வருஷம் பூட்டி வைத்த மண்ணை ஒரு களைக்காகத் திறந்தார்கள் என்பதை அந்த அம்மாவிடம் சொன்னால் என்ன சொல்வாரோ!

மழை விட்ட அன்றைக்கு நாங்கள் சொன்னது இதில் காற்பங்குதான். கொழுந்து கிள்ளுகிற கதையை மட்டும் அம்மா கவனமாகக் கேட்டார். "கிள்ளுனா பக்கத்துல தளிர் வெடிக்கும்னு எங்கம்மா காலத்துலயே தெரியும். எதனால வெடிக்குதுன்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்ல" என்றார். பிறகு மகளிடம், "அப்ப இந்தப் பூண்டப் பத்திப் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்.

"வரும்மா."

"அப்ப நல்லாப் படி."

பிள்ளை தலையாட்டிவிட்டு, லயத்துக்குப் பின்னால் பாத்தியில் நிற்கிற ராபுவில் ஒன்றை மட்டும் பிடுங்காமல் பூக்க விடச் சொல்லி அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டது.